உடைப்பில் ஒரு மணி நேரம்

எட்டேகால் ஆகியும் தாளில் பத்தொன்பது கோடுகள்தான் விழுந்திருந்தன. பூமிநாதன் மறுபடி எண்ணினான், எண்ணினால் கூடிவிடுமா என்ன, பத்தொன்பதேதான், ஆண் பதினொன்று, பெண் ஆறு, சைக்கிள் இரண்டு, பிள்ளைகளுக்கான கட்டம் கழுவிவைத்த தட்டு மாதிரி காலியாகக் கிடந்தது. நான்கு கோடு நிற்க வேண்டும், ஐந்தாவது அவற்றின் குறுக்கே சாய வேண்டும், அது ஒரு கட்டு, எட்டிலிருந்து ஒன்பது வரை ஒரு மணி நேரத்தில் நாற்பது கட்டு விழுந்தால் இருநூறு, இருநூறு பேர் கடந்தால் இந்த இடத்தில் சிக்னல் விளக்கும் வெள்ளைக் கோடும் வரும், இருநூற்றுக்கு ஒன்று குறைந்தாலும் டிவைடரில் இருக்கும் இந்த இடைவெளியைக் கான்கிரீட் போட்டு அடைத்து மேலே கம்பிவேலி நட்டுவிடுவார்கள். போன வியாழக்கிழமை பஸ்ஸுக்கு நிற்கிற சாக்கில் இதே நேரத்தில் நின்று எண்ணியபோது இருநூற்று நாற்பதைத் தாண்டியதே, அந்த இருநூற்று நாற்பது பேரும் எங்கே போய்த் தொலைந்தார்கள்? இன்று முகூர்த்த நாளும் இல்லை, அதைப் பார்த்துத்தானே தேதியே குறித்தான், காலண்டரில் முகூர்த்தம், திருவிழா, பரீட்சை, ரேஷனில் சாமான் போடும் முதல் வாரம் எல்லாவற்றையும் தள்ளித் தள்ளி, யாரும் குறை சொல்ல முடியாத ஒரு மொட்டைப் புதன்கிழமையைத் தேடிப் பிடித்தான், பெண் பார்க்கப் போகிறவன்கூட இத்தனை மெனக்கெட மாட்டான். வண்டிகள் மட்டும் குறையவில்லை, மணல் லாரியும் காலேஜ் பஸ்ஸும் ஆறு வரிசையிலும் போய்க்கொண்டே இருந்தன, அவற்றை எண்ண ஆள்கூட வேண்டாம், ரோட்டுக்கு அடியில் புதைத்த கம்பியே எண்ணிக்கொள்ளுமாம், கணக்கெடுப்பை ஒப்பந்தம் எடுத்த கம்பெனிக்காரன் பெருமையாகச் சொன்னான். நடக்கிறவனை எண்ணத்தான் ஒரு ஆளை நாற்காலி போட்டு உட்கார வைக்க வேண்டியிருக்கிறது. நாற்காலியும் பஞ்சர் கடைக்காரர் அபுதாகிர் இரவல் கொடுத்ததுதான், ஒரு கால் குட்டை, அசைந்தால் டக்கென்று ஒரு பக்கம் சாய்ந்தது.

மாநகராட்சித் திட்டப் பிரிவில் பதினெட்டு வருடமாக அவனுக்கு வரைபடம் வரைகிற வேலை. போன வருடம் வந்த புதுத் திட்டத்துக்குப் பெயரே அழகாக இருந்தது, பத்து நிமிட நடை, அதாவது நகரத்தில் எந்த வீட்டிலிருந்து கிளம்பினாலும் பள்ளிக்கூடம், ரேஷன் கடை, அங்கன்வாடி, ஆஸ்பத்திரி, பால் பூத் எல்லாம் பத்து நிமிடம் நடந்தால் வந்துவிட வேண்டும், சைக்கிளில் போனால் நான்கு நிமிடம். வட்டங்களை வரைந்தது அவன்தான். பள்ளிக்கூடத்தில் ஒரு புள்ளி, அதைச் சுற்றி எண்ணூறு மீட்டருக்கு ஒரு வட்டம், உள்ளே பச்சை, ரேஷன் கடையில் ஒரு புள்ளி, அதற்கொரு வட்டம், பச்சை, வட்டமும் வட்டமும் மேலே மேலே விழுந்து நகரமே பச்சைப் பசேலென்று ஆனபோது அவனுக்கே நெஞ்சு குளிர்ந்தது, மேஜைக்கு வந்து பார்த்த மேலதிகாரி ஜெயசீலன் சார் தோளில் தட்டிவிட்டுப் போனார். இந்த பைபாஸ் ரோட்டை அந்த வட்டங்கள் சும்மா தாண்டிப் போயிருந்தன. கணினியில் வட்டம் வரைய ரோடு ஒரு தடையா, அது பாட்டுக்குத் தாண்டும், லாரி வருகிறதா என்று பார்க்காது. அக்கா வீடு நான்கு வட்டத்துக்குள் இருந்தது, நான்கு பச்சை சேர்ந்து கரும்பச்சை, அறிக்கையில் அந்தக் கம்மாக்கரைத் தெருவைத் தனியாகக் குறிப்பிட்டு மிகச் சிறந்த வசதி பெற்ற பகுதி என்று எழுதினார்கள். உண்மையில் பாலத்தடி யூ-டர்ன் வரைக்கும் போய் அந்தப் பக்கமாகத் திரும்பி வந்தால் மூன்று கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, எதிர்ப் பக்கம் தெரிகிற அங்கன்வாடியின் மஞ்சள் சுவரோ, இங்கிருந்து கத்திக் கூப்பிட்டால் கேட்கிற தூரம். அக்காவை வைத்துத்தான் அந்தத் தப்பே அவனுக்குத் தெரிந்தது, ஜெயசீலன் சாரிடம் தயங்கித் தயங்கிச் சொன்னபோது அவர் கோபப்படவில்லை, கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை, அறிக்கை போயாச்சு பூமிநாதன், இனிமே அத மாத்தணும்னா எண்ணிக்கை வேணும், எண்ணிக்கை கொண்டுவாங்க பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு பிஸ்கட்டை டீயில் நனைத்தார்.

அந்த இடைவெளிக்குக் கம்மாக்கரை ஜனங்கள் வைத்த பெயர் உடைப்பு. கண்மாய்க் கரையில் உடைப்பு எடுக்கும் அல்லவா, அதைப் பார்த்துப் பழகிய ஜனம், டிவைடரில் நான்கு கல் பெயர்ந்து விழுந்ததும் அதே பெயரை வைத்துவிட்டது. ராக்கம்மா அக்கா தினமும் எட்டரை மணிக்கு அதன் வழியாகத்தான் அந்தப் பக்கம் போவாள், அங்கன்வாடியில் சமையல் உதவியாளர், ஒன்பதரைக்குள் அடுப்பில் அரிசி கொதிக்க வேண்டும், இருபத்தாறு பிள்ளைகள். இடது முட்டி தேய்ந்துவிட்டது, டாக்டர் படம் எடுத்துக் காட்டி நடையைக் குறையுங்கள் என்றார், அக்கா அவரிடம் தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்து, குறைச்சா யாரு சோறு பொங்குவா என்று அவனிடம் கேட்டாள். இன்னும் மூன்று வருடம், அது முடிந்தால் கையில் ஏதோ கொஞ்சம் கொடுத்து அனுப்புவார்கள், அதற்குள் நின்றுவிட்டால் அதுவும் இல்லை. பாலத்தைச் சுற்றி நடக்க அவளால் ஆகாது, ஷேர் ஆட்டோ பைபாஸில் நிற்காது, அவன் வீட்டுக்கு வந்துவிடு என்றால் ஒன்றரை அறையில் என்னை எங்கடா கட்டித் தொங்கவிடுவ என்று சிரிப்பாள். மாமா செத்ததிலிருந்து இந்தப் பன்னிரண்டு வருடத்தில் அவள் அவனிடம் எதுவும் கேட்டதில்லை, ஞாயிற்றுக்கிழமை போனபோதுதான் மீன்குழம்பை ஊற்றிக்கொண்டே, அந்த உடப்ப மட்டும் அடச்சுராமப் பாத்துக்கடா தம்பி என்றாள். அடைத்தால்தான் நல்லதோ என்று அவனுக்குள்ளேயே ஒன்று கேட்டது, ஏனென்றால் இந்த ரோட்டைக் கடந்து அவள் வீடு திரும்புகிற ஒவ்வொரு நாளும் அவனுக்கு ஒரு பிச்சை. இரண்டு வருடம் முன்பு இதே உடைப்பில் ஒரு ஆள் அடிபட்ட இடத்தை அவன் பஸ்ஸிலிருந்து பார்த்தான், ஆளைத் தூக்கிப் போய்விட்டிருந்தார்கள், டிவைடர் மேல் ஒரு ரப்பர் செருப்பு மட்டும் இருந்தது, யாரோ மரியாதையாக எடுத்து வைத்திருக்கிறார்கள். அடைத்துவிட்டால் அக்கா அடிபட மாட்டாள். அடைத்துவிட்டால் வேலை போகும், வேலை போனால் வீட்டுக்குள்ளேயே சுருண்டுபோவாள். இல்லை, அவள் சுருளுகிற ஆளா, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கம்பிவேலி மேல் ஏறுவாள், அந்த முட்டியோடு ஏறுவாள், அந்தப் பக்கம் குதிப்பாள். இதோடு யோசனை நின்றுவிடும், மறுபடி முதலிலிருந்து, அடைத்துவிட்டால் அக்கா அடிபட மாட்டாள்.

எட்டரைக்கு முப்பத்தொன்று. ட்யூப்பைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கிக் குமிழி தேடிக்கொண்டிருந்த அபுதாகிர் தலையைத் தூக்காமலே, ஏன் சார், நெசமாவே பிடிச்சுட்டுப் போவீங்களா என்று கேட்டார். யாரை என்று பூமிநாதனுக்கு விளங்கவில்லை. ரோட்டக் குறுக்க போறவுகளத்தான், போட்டோ எடுத்து வீட்டுக்கு அபராதம் அனுப்புவாங்களாமே, ஆதார் கார்ட வாங்கி வச்சுக்குவாங்களாமே, நேத்து தெருவெல்லாம் இதே பேச்சு, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள அப்பன்மாரு வெள்ளனவே வண்டில வச்சுப் பாலத்தச் சுத்திக் கொண்டுபோய் விட்டுட்டாக, இன்னைக்கு ஒரு நாளைக்கு ஒதுங்கிக்குவோம்னு. அபுதாகிருக்குக் குமிழி அகப்பட்டுவிட்டது, அந்த இடத்தில் கட்டை விரலை வைத்து அழுத்திக்கொண்டார். யார் சொன்னது என்று கேட்கப் பூமிநாதன் வாயெடுத்தான், எதற்குக் கேட்க வேண்டும், அவனுக்கே தெரியுமே. ஞாயிற்றுக்கிழமை அவன்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், புதன்கிழமை காலையில எண்ண வாரேன்க்கா, உங்க தெருவில எல்லார்ட்டயும் சொல்லிவை, அந்த ஒரு மணி நேரம் ஒருத்தர் விடாம வரட்டும் என்றான். அக்கா சொல்லியிருப்பாள், குழாயடியில் சொல்லியிருப்பாள், பெருமையாக, என் தம்பி ஆபீசர், உடப்புக்கு எண்ண வர்றான் என்று. எதுக்கு எண்ணுறாங்களாம் என்று ஒருத்தி கேட்டிருப்பாள். நம்ம தெருவை அரசாங்கம் என்றைக்கு நல்லதுக்கு எண்ணியிருக்கிறது, கண்மாய்ப் புறம்போக்கில் வீட்டை எண்ணினான், அடுத்த மாதமே இடித்தான், கரண்டு மீட்டரை எண்ணினான், பாதி வீட்டில் பிடுங்கினான், இன்றைக்கு ஆளை எண்ணுகிறான். அவர்கள் பயந்ததில் ஒரு தப்பும் இல்லை. பதினெட்டு வருடம் சம்பளம் வாங்கியும் தனக்கு இது தோன்றவில்லையே என்றுதான் அவனுக்கு வெட்கமாக இருந்தது.

அப்புறம்தான் அவன் மேலேயே அவன் கண் விழுந்தது. ஆரஞ்சு நிறத்தில் பளபளக்கிற மேல்சட்டை, தொப்பி, மடியில் அட்டையில் செருகிய தாள், வயலில் நட்டு வைத்த பொம்மைக்குக்கூட இத்தனை அலங்காரம் கிடையாது. தெருமுனை வரை வருகிறார்கள், அவனைப் பார்க்கிறார்கள், பால் தூக்கோடு வந்த பெண் ஏதோ மறந்துவிட்டவள் மாதிரி நெற்றியைத் தட்டிக்கொண்டு திரும்பிப் போகிறாள், சைக்கிளை உருட்டி வந்த ஒருவர் செயினைக் குனிந்து பார்க்கிறார், செயின் நன்றாகத்தான் இருக்கிறது, அவரும் திரும்பிப் போகிறார். வந்து நின்று திரும்பிப் போனவர்களுக்குத் தாளில் கட்டம் இல்லை, இருந்திருந்தால் அதில் நாற்பது கட்டும் தாராளமாக விழும். மேல்சட்டையைக் கழற்றிச் சுருட்டி நாற்காலிக்கு அடியில் போட்டான், தொப்பியையும் போட்டான், அட்டையைக் கை எட்டுகிற தூரத்தில் ஒரு பழைய டயருக்குப் பின்னால் மறைத்தான், யாரையாவது பெயர் சொல்லிக் கூப்பிடலாமா, வாங்க, பயப்படாதீங்க, உங்க நல்லதுக்குத்தான் என்று, அதைச் சொன்னால் இன்னும் வேகமாக ஓடுவார்கள். பேசாமல் நாமே நூற்றெழுபது கோட்டைப் போட்டுவிட்டால் என்ன என்று கை பேனாவை அழுத்தியது. முடியாது. விளக்குக் கம்பத்தில் கம்பெனிக்காரன் கேமரா கட்டியிருக்கிறான், தாளுக்கும் அதற்கும் நூற்றுக்கு ஐந்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் தாளையே தூக்கிப் போட்டுவிடுவார்கள், அதையும் சேர்த்துத்தான் ஒப்பந்தம், அந்த ஒப்பந்தத்தைத் தமிழில் எழுதிக் கொடுத்ததும் அவன்தான். கேமரா தலையைக் கவிழ்த்துக்கொண்டு காலி ரோட்டோரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அப்போது ராக்கம்மா வந்தாள். தெருவிலிருந்து வெளிப்பட்டு, நீலக்கரை போட்ட வேலைச் சேலையில், இடது காலைக் கொஞ்சம் இழுத்துக்கொண்டு, அவன் நாற்காலிக்கு இரண்டடி தள்ளி நடந்து போனாள், அவனைத் திரும்பியும் பார்க்கவில்லை. தம்பி வேலையில் இருக்கிறான், சொந்தக்காரி பேசினால் அவனுக்குக் கெட்ட பெயர், அவ்வளவுதான் அவள் கணக்கு. ரோட்டோரம் நின்று வலது பக்கம் பார்த்தாள், கையைத் தூக்கினாள், அந்தக் கையை எந்த லாரி மதிக்கிறது, ஆனால் தினமும் தூக்கித் தூக்கி அவளுக்கு அதில் ஒரு நம்பிக்கை, ஒரு வேனுக்கும் ஒரு பஸ்ஸுக்கும் நடுவில் புகுந்து உடைப்பில் ஏறி நின்றாள், இடது பக்கம் பார்த்தாள், மறுபடி கை, அந்தப் பக்கம் சேர்ந்தாள். அவன் மூச்சை விட்டு, பெண் என்ற கட்டத்தில் ஒரு கோடு போட்டான். பிறந்ததிலிருந்து தெரிந்த ஒருத்தியை ஒரு கோடாகப் போட்டது என்னவோபோல் இருந்தது. சரி, இன்றைக்குத் தப்பினாள், போய் அரிசி களைவாள் என்று அவன் நினைத்துக்கொண்டிருக்கும்போதே, எதிர்ப் பக்கம் நின்று ரோட்டை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை பார்த்துக்கொண்டிருந்த அக்கா மறுபடி கையைத் தூக்கினாள். எதையோ வீட்டில் மறந்துவிட்டாள் போல, சாவியாக இருக்கும். வந்தாள், அவனைப் பார்க்காமலே அவனைக் கடந்தாள், தெருமுனை வரை போனாள், வேப்பமரத்தை ஒரு கையால் தொட்டுவிட்டு, சின்னப் பிள்ளைகள் விளையாட்டில் தொடுவார்களே அப்படி, திரும்பினாள், மறுபடி ரோட்டோரம் வந்து நின்றாள். அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. அன்றைக்கு மீன்குழம்பின் முன்னால், எப்படிடா எண்ணுவீக என்று அவள் கேட்டதற்கு, ஆளை எண்ணுறதில்லக்கா, கடக்கிறத எண்ணுறது, ஒரே ஆள் நாலு தடவ போனா நாலுதான் என்று பாடம் நடத்தியிருந்தான். தெரு ஜனம் வரவில்லை என்றதும் தெருவுக்கெல்லாம் சேர்த்து அவளே நடக்கிறாள்.

மூன்றாவது கோடு, நான்காவது கோடு. விதிப்படி போட வேண்டும், போட்டான். அக்கா என்று கத்த நாக்கு புரண்டது, கத்தினால் நடுரோட்டில் நின்று என்ன என்று திரும்பிப் பார்ப்பாள், பார்க்கிற அந்த நொடி போதும் லாரிக்கு. இவள் இருநூறு தடவை போவதாக உத்தேசமா, எட்டு நாற்பத்தைந்து ஆகிவிட்டது, அங்கே அடுப்பு பற்ற வைக்கவில்லை, பிள்ளைகள் வந்து உட்கார்ந்திருக்கும். ஐந்தாவது கோட்டைக் குறுக்கே இழுத்தபோது ஒரு முழுக் கட்டு, ஒரே ஆளின் கட்டு. வீணாக நடக்கிறாள். கேமராவில் ஒரே நீலக்கரைச் சேலை போய்ப் போய் வருவதைக் கம்பெனிப் பையன்கள் பார்ப்பார்கள், அவர்களுக்கு விதியெல்லாம் தெரியும், விதிக்கு மேல் இன்னொரு விதியும் தெரியும், வேண்டுமென்றே கடந்தது என்று எழுதி ஒன்றை வைத்துக்கொண்டு மீதியை அடித்துவிடுவார்கள். இதை அவளிடம் யார் சொல்வது? ஆறாவது முறை இந்தப் பக்கம் வந்தபோது மேலுதட்டில் வியர்வை, பல்லைக் கடித்திருந்தாள், முட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, அப்போதும் அவனைப் பார்க்கவில்லை. மரம் வரை இந்த முறை போகவில்லை, நான்கு எட்டு வைத்துவிட்டுத் திரும்பினாள். அபுதாகிர் ட்யூப்பைக் கீழே போட்டுவிட்டு எழுந்து நின்றிருந்தார். ஏழாவது முறை பாதி ரோட்டைத் தாண்டி உடைப்பில் ஏறியவள் அந்தப் பக்கம் இறங்காமல், பெயர்ந்த கல்லின் மேல் மெதுவாக உட்கார்ந்தாள், இரண்டு பக்கமும் பஸ்ஸும் லாரியும் அவள் முந்தானையை இழுத்துக்கொண்டு போயின. பூமிநாதன் தாளையும் அட்டையையும் விட்டுவிட்டு ஓடினான், எப்படிக் கடந்தான் என்று தெரியவில்லை, ஒரு ஹாரன் காதுக்குள் இருந்தது, அதற்குள் உடைப்பில் நின்றிருந்தான்.

அவள் அண்ணாந்து அவனைப் பார்த்துத் திட்டத்தான் செய்தாள், வேலைய விட்டுட்டு எதுக்குடா வந்த, ஆளு வந்தா யாரு கோடு போடுறது என்று. அவன் அவள் முன்னால் குந்தி உட்கார்ந்து முட்டியைத் தொட்டான், சேலைக்கு மேலேயே சூடு தெரிந்தது, வீங்கியிருந்தது. தாளில் அப்போது ஐம்பத்தைந்து. அதை அவன் சொல்ல வேண்டும், சொல்லிவிட்டால் போதும், அவள் எழுந்து வேலைக்குப் போய்விடுவாள், இல்லை, போக மாட்டாள், இன்னும் கால் மணி நேரம் இருக்கிறதே என்பாள், இந்தக் காலோடு மறுபடி இறங்குவாள்.

"எத்தன ஆச்சு பூமி? பொய் சொல்லாத."

"ஆயிருச்சுக்கா."

"இருநூறா?"

"இருநூத்தி ஏழு. நீ வர்றதுக்கு முன்னாடியே முக்கால்வாசி ஆயிருச்சு. இனிமே நீ நடக்க வேண்டியதில்ல."

அவள் முகம் அப்படியே அவிழ்ந்தது. இத்தனை நாளில் இப்படி ஒரு சந்தோஷத்தை அந்த முகத்தில் அவன் பார்த்ததில்லை, பார்க்க முடியாமல் ரோட்டைப் பார்த்தான். பயந்தாங்கொள்ளிக, ஒருத்தியும் வரலேன்னுல்ல நெனச்சேன், வந்திருக்காளுகளே என்று தெருவைப் புகழ்ந்தாள், ஒவ்வொருத்தி பெயராகச் சொல்லிப் புகழ்ந்தாள், சாயங்காலம் குழாயடியில் இதைச் சொல்ல வேண்டும் என்றாள். விளக்கு எப்போது போடுவார்கள் என்று கேட்டதற்கு, பொங்கலுக்குள்ள போட்டுருவாங்க என்று அவன் வாய் தானாகச் சொன்னது. அப்படியானால் அதுவரைக்கும் இதே வழியில் பார்த்துப் போய்க்கொள்கிறேன் என்று அவன் தோளைப் பிடித்து எழுந்தாள். நான் கொண்டுவந்து விடுகிறேன் என்றவனை, நீ போய் ஒக்காரு, கையெழுத்துப் போடணும்ல என்று விலக்கிவிட்டு, அந்தப் பக்கம் பார்த்துக் கையைத் தூக்கினாள். ஒரு டெம்போ வேகத்தைக் குறைத்தது. போய்ச் சேர்ந்து, அங்கன்வாடிச் சுவர் ஓரமாக, காலை இழுத்துக்கொண்டு, ஆனால் விசுக் விசுக்கென்று நடந்தாள், திரும்பிப் பார்த்து, போ போ என்று கையை ஆட்டினாள்.

ஐம்பத்தாறு. அக்காவின் ஏழில் ஆறை அடித்தால் ஐம்பது. அதற்குப் பிறகு அவன் திரும்பக் கடக்க வேண்டியிருந்தது, ரோடு விடவில்லை, எட்டு ஐம்பதுக்கு மேல் பைபாஸில் எறும்பு நுழைய இடமிருக்காது. எதிரே அபுதாகிர் அவனுடைய அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். எண்ண வந்தவன் கடப்பதை எண்ணக்கூடாது, அதுவும் விதி. ஒன்பது ஆகும்வரை இங்கேயேதான் நிற்க வேண்டியிருக்கும், நின்றால் என்ன, அங்கே கோடு போட யாரும் வரப்போவதில்லை. பத்து நாளில் கோப்பு மேலே போய்த் திரும்பி வரும், ஜெயசீலன் சார் கூப்பிடுவார், கோபப்பட மாட்டார், இந்த அடைப்புக்கு ஒரு படம் போட்டுடுங்க பூமிநாதன் என்பார், கான்கிரீட்டின் உயரம், கம்பிவேலியின் உயரம், கம்பிக்கும் கம்பிக்கும் நடுவில் விட வேண்டிய சந்து, ஆள் ஏறாதபடி மேலே வைக்கும் கூர்முனை, எல்லாவற்றுக்கும் அளவு எழுத வேண்டும். ஒரு காலேஜ் பஸ் உரசினாற்போலப் போனது. குனிந்து பார்த்தபோதுதான் தெரிந்தது, உடைப்பின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு, குதிகாலும் பெருவிரலும் ஒட்ட ஒட்ட, அடிக்கு அடி வைத்து அவன் பாதங்கள் ஏற்கெனவே அளந்துகொண்டிருந்தன, ஐந்து முடிந்து ஆறாவது பாதி.